கோபித்துப் போன வீட்டுக்காரன்

நாற்பத்தைந்து வயதில் நான் ஒரு பெரிய முடிவெடுத்தேன். இனி என் வீட்டில் நான்தான் வீட்டுக்காரன். அதை நினைத்தால் இப்போது அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

இதிலென்ன பெரிய முடிவு என்று கேட்பவர் சாய்ந்தமருதுக்காரராக இருக்க முடியாது. இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் பக்கம் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். வீடு அவளுக்குச் சீதனம். வளவு அவளுடையது, கிணறு அவளுடையது, மாமரமும் அவளுடையது. என்னுடையது என்று அங்கே இருந்தவை கொடியில் காய்ந்த இரண்டு சாறன்கள்.

பதினேழு வருடம் அந்த வீட்டில் மாப்பிள்ளையாக இருந்தேன். மரியாதைக்குக் குறைவில்லை. மீன் தலை எனக்குத்தான். ஆனால் சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் மாமியிடம் கேட்க வேண்டும். மாமி சபூறா உம்மா நல்ல மனுஷி, மறுக்க மாட்டார். "அடிங்க மகன்" என்பார். எந்தச் சுவரில், எந்த உயரத்தில், எந்தச் சுத்தியலால் என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

அங்கே எனக்கிருந்த ஒரே ஆயுதம் கோபம். எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் தலகணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விடுவான். போனவன் தானாகத் திரும்ப மாட்டான். திரும்பினால் மானம் போய்விடும். மூன்றாம் நாள் பெண்ணின் சகோதரன் வருவான். ஒரு பிளேன்டீ குடிப்பான். "வாங்க மச்சான், போவம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போவான். என் மனைவி நஸீறாவின் காக்கா, அதாவது அண்ணன், றிம்சான் இந்த வேலையில் தேர்ந்தவன். பதினொரு தடவை என்னைக் கூட்டிப் போயிருக்கிறான். கடைசித் தடவை பைக்கை விட்டு இறங்கக்கூட இல்லை. ஹோர்ன் அடித்தான், நான் ஏறிக்கொண்டேன்.

அப்போதுதான் டோஹா வேலை கிடைத்தது. ஒரு கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பு. நான்கு வருட ஒப்பந்தம், குடும்பத்தையும் கூட்டிப் போகலாம். ஏழாம் மாடியில் ஒரு வீடு எடுத்தேன். வாடகைப் பத்திரத்தில் என் பெயர். நஸீறாவின் விசாவுக்குப் பொறுப்பாளர் யார்? நான். மகள் நிஹ்லாவுக்கு? அதுவும் நான். அந்தக் காகிதங்களை மூன்று தடவை வாசித்தேன். அவ்வளவு சந்தோசமாக நான் எதையும் வாசித்ததில்லை.

போய் இறங்கிய மறுநாளே யாரிடமும் கேட்காமல் சுவரில் நான்கு ஆணி அடித்தேன். நஸீறா கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னத்த மாட்டப் போறீங்க?"

"ஒண்டுமில்ல."

"அப்ப ஏன் அடிக்கிறீங்க?"

"இது என்ட வீடு."

"ஓம், உங்கட வீடுதான். ஆரு இல்லெண்ட?"

இவ்வளவு சுலபமாக அவள் எதையும் ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாகத் தொடங்கினாள்.

"உம்மா அங்க தனிய இரிக்கிறா. ஒரு மூணு மாசத்துக்கு விசா எடுத்துக் கூப்பிடுவமா?"

"ஏலா."

"ஏன்?"

உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். மாமி வந்து பையைக் கீழே வைத்த நிமிடத்திலிருந்து அது மாமியின் வீடு. நான் மறுபடியும் மாப்பிள்ளை. நாற்பத்தைந்து வயதில்தான் ஒரு வீடு கிடைத்திருக்கிறது, அதை இரண்டு மாதத்தில் விட்டுக் கொடுக்க எனக்கு மனமில்லை.

"இடம் போதாது" என்றேன்.

"நிஹ்லாட அறை பெருசுதானே."

"நஸீறா, இந்த வீட்டில நான் சொல்றதுதான்."

"ஓம்."

அடுத்த வெள்ளியும் கேட்டாள். அதற்கடுத்த வெள்ளியும் கேட்டாள். நான் அசையவில்லை. பிறகு அவள் கேட்கவில்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பதினேழு வருட அனுபவம் இருந்தும் அப்படி நினைத்தேன் பாருங்கள்.

மறுநாளிலிருந்து பருப்பு. காலையில் பாண் துண்டு, பருப்பு. பகலில் சோறு, பருப்பு. கடற்கரை ஊரில் பிறந்தவனுக்கு நான்கு நாள் பருப்பு என்றால் அது ஒரு தண்டனை.

"மீன் ஆணம் இல்லையா?"

"இஞ்சத்த மீன் எனக்குத் தெரியா. ஊரிலயும் உம்மாதானே பாத்து எடுக்கிற?"

ஐந்தாம் நாள் சட்டியைத் திறந்து பார்த்தேன். மஞ்சளாக என்னைப் பார்த்தது.

"இண்டைக்கும் பருப்பா?"

அவள் கோபப்படவேயில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"உங்கட வீடு. உங்கட குசினி. விருப்பமானத நீங்களே ஆக்குங்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மற்றதெல்லாம் கையும் காலும் செய்தவை. தலகணியை எடுத்தேன், சாறனை எடுத்தேன், கதவை அடித்துச் சாத்தினேன், லிப்டில் ஏறினேன். நான்காம் மாடி தாண்டும்போதுதான் ஒரு விசயம் உறைத்தது. இது என் வீடல்லவா? பத்திரத்தில் பெயருள்ளவன், பொறுப்பாளர், ஆணி அடித்தவன். நானே என் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியே போகிறேன். லிப்டில் நின்ற எகிப்துக்காரர் என் தலகணியைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

திரும்பி மேலே போகலாம்தான். ஆனால் கூப்பிட ஆள் வராமல் திரும்பிய மாப்பிள்ளை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. முதல் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை.

டோஹாவில் எனக்கு உம்மா வீடு ஏது? என்னோடு வேலை செய்யும் சம்மாந்துறை றஸாக்கின் அறைக்குப் போனேன். ஐந்து பேர் இருக்கும் அறை.

"என்ன நளீம் காக்கா, தலகணியோட?"

"கோவிச்சிட்டு வந்திட்டன்."

"ஆர்ட வீட்டில இருந்து?"

"என்ட வீட்டில இருந்துதான்."

றஸாக் கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப வந்து கூப்பிடுற ஆர்?"

காலியாக இருந்தது ஒரு மேல்கட்டில் மட்டும். ஏணியில் ஏறும்போது முழங்கால் இரண்டும் தனித்தனியாகச் சத்தம் போட்டன.

மூன்றாம் நாள் பழக்கத்தில் வாசலைப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. நான்காம் நாளும் இல்லை. ஐந்தாம் நாள் றஸாக் சமைத்தான். பருப்பு. ஆறாம் நாள் மதிய இடைவேளையில் நஸீறாவின் அழைப்பு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வரப் பார்த்தது.

"சுகமா இரிக்கீங்களா?"

"ம்."

"உங்களக் கூப்பிட ஆள் அனுப்பணும். ஆறு நாளாகிட்டு, எனக்கு வெக்கமா இரிக்கி."

"ஆள் எதுக்கு? நீ கூப்பிட்டா வாறன்."

"பொஞ்சாதி கூப்பிட்டு மாப்புள வந்தா உங்கட மானம் என்னாகிற? முறையெண்டு ஒண்டு இரிக்கில்லையா. றிம்சான் காக்காதான் வரணும்."

"அவன் மருதமுனையில பொஞ்சாதி வீட்டில இரிக்கான்."

"ஓம். அதான் விசா எடுக்கணும். எல்லாம் உங்கட பேர்லதானே இரிக்கி, நீங்கதான் எடுக்கணும். பாஸ்போட் கொப்பி அனுப்பியிரிக்கன், பாருங்க."

பார்த்தேன். இரண்டு படம் வந்திருந்தது.

"மத்தது ஆர்ட?"

"உம்மாட."

"அவவுக்கு எதுக்கு?"

"இப்ப ஒவ்வொரு நாளும் உம்மாவப் போய்ப் பாக்கிறது காக்காதானே. அவவத் தனிய விட்டுட்டு அவர் எப்பிடி வாற?"

"நான் எடுக்காட்டி?"

"உங்கட இஷ்டம். நான் என்ன செய்யிற? றஸாக் தம்பிட அறையில உங்களுக்கு மேல்கட்டிலா, கீழ்கட்டிலா?"

மாமியின் பாஸ்போட் எடுத்த திகதியைப் பார்த்தேன். நாங்கள் டோஹாவுக்கு விமானம் ஏறியதற்கு ஒரு கிழமை முந்திய திகதி. நான் ஆணி அடிப்பதற்கும் முன்பு, பருப்புக்கும் முன்பு.

அன்று பின்னேரமே மேல்கட்டிலில் குந்தியிருந்து இரண்டு பேருக்கும் விண்ணப்பித்தேன். வருகையின் நோக்கம் என்று ஒரு கட்டம் இருந்தது. பொறுப்பாளரைக் கூட்டிக்கொண்டு போக என்று எழுத முடியாது. குடும்பத்தைப் பார்க்க என்று எழுதினேன்.

பதினெட்டாம் நாள் வந்து சேர்ந்தார்கள். நஸீறாவும் நிஹ்லாவும் விமான நிலையம் போய்க் கூட்டி வந்தார்கள். நான் போகக்கூடாதாம், அது முறையில்லையாம். றிம்சான் மட்டும் டாக்சியில் என்னைத் தேடி வந்தான். பிளேன்டீ குடித்தான். கையைப் பிடித்தான்.

"வாங்க மச்சான், போவம்."

"ம்."

"எந்தப் பக்கம் மச்சான் போற? எனக்கு ரோட்டுத் தெரியா."

என்னைக் கூட்டிப் போக வந்தவனுக்கு நானே வழி காட்டினேன். லிப்டில் ஏழை நான்தான் அமுக்கினேன். சட்டைப் பையில் வீட்டுச் சாவி இருந்தது. றிம்சான் அதையெல்லாம் பொருட்படுத்தாமல் மணியை அடித்தான்.

கதவைத் திறந்தவர் மாமி. உள்ளே மீன் ஆணம் கொதிக்கும் வாசம். தலகணியை என் கக்கத்திலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, முகம் நிறையச் சிரித்துச் சொன்னார்.

"உள்ளுக்கு வாங்க மகன், கூச்சப்படாதீங்க. இத உங்கட சொந்த வீடு மாதிரி நினைச்சுக் கொள்ளுங்க."