கிராங்க் புல்லி வதைப் படலம்

வாழி, பல் பிடுங்கும் பெருந்தகை! வாழி, குறடேந்திய குளிர்க்கரத்தோன்! அழுத சிறுவரையும் அலறிய முரடரையும் ஒரே நாற்காலியில் சாய்த்து அடக்கி, கடைவாய்ப் பற்களைக் கண்ணிமைப்பில் களைந்தெறிந்த நம் பல் டாக்டர், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், கிழிந்த பனியனே கவசமாக, மனைவி தரை துடைக்கவென்று ஒதுக்கிவைத்த கால்சட்டையே போர்க்கோலமாக, தம் வீட்டு முற்றத்தில் தம் சொந்தக் காரின் மீதே போர்தொடுத்த வீரக்கதையைச் சொல்லப் புகுகிறோம். கேட்போர் நெஞ்சம் திடங்கொள்க. பக்கத்தில் ஒரு பழைய துணியும் வைத்துக்கொள்க, கிரீஸ் தெறிக்கும்.

போரின் மூலம் யாதெனில் ஒரு கீச்சொலி. எஞ்சினின் விலாவில் அமர்ந்து, பெல்ட்டைச் சுழற்றும் திருப்பணி பூண்ட கிராங்க் புல்லி என்னும் இரும்புச் சக்கரம், தன் உள்வளைய ரப்பர் நைந்து, கார் நகரும் போதெல்லாம் ஊரே கூசக் கீச்சிட்டது. முந்தைய ஞாயிறன்று, டாக்டர் மனைவியின் அக்கா வீட்டு விருந்தில், அக்காவின் கணவராகிய சகலை, வாயில் சோற்றோடு திருவாய் மலர்ந்தார்: "சகல வண்டி தெருமுனை திரும்பும்போதே இங்க டீ போட்டுருவோம். காலிங் பெல்லே தேவையில்ல!"

அக்கா சிரித்தாள். பிள்ளைகள் சிரித்தனர். அதையும் பொறுத்திருப்பார் நம் வீரர். ஆனால் தம் மனைவியே கண்ணில் நீர் வரச் சிரித்தாள் பாருங்கள், அது அவருக்கு வலித்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, எச்சிற்கையை வானோக்கி உயர்த்தி, வஞ்சினம் உரைத்தார்: "அடுத்த ஞாயிறு சாயங்காலம் இதே வாசலுக்கு இதே வண்டியில வருவேன். நான் வந்தது உங்க காதுக்கே தெரியாது. ஒரு மெக்கானிக் கை அதுல படாது. என் கைதான் படும்!"

"பல்லுன்னா நீங்க, வண்டின்னா மெக்கானிக். எதுக்கு சகல வீண் வம்பு?" என்று சொல்லி, சகலை மறுசோறு கேட்டார். அந்தச் சொல் நம் வீரரின் நெஞ்சில் ஒரு வாரம் தங்கியிருந்தது.

ஆகவேதான் இன்று முன்சக்கரம் கழன்று புல்லில் கிடக்க, பெல்ட் உருவப்பட்டுக் கைப்பிடிச் சுவரில் தொங்க, புதிய புல்லி பெட்டிக்குள் மணப்பெண்போல் காத்திருக்க, பழைய புல்லியின் நடுவே மார்தட்டி நின்றது அந்த ஒற்றைப் போல்ட். துருவே தோலாய், பிடிவாதமே உயிராய் நின்றது. டாக்டர் முதலில் துருநீக்கி எண்ணெயைப் பீய்ச்சினார். பழக்கதோஷத்தால் சிறிது நேரம் காத்திருந்து, விரலால் தட்டி, "மரத்துப்போச்சா?" என்று வினவினார். போல்ட் வாய்திறக்கவில்லை. "கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்" என்று ஆறுதல் கூறி, நெடுங்கைப் பானாவின் வாலில் ஓர் இரும்புக் குழாயையும் செருகி, மூச்சடக்கி இழுத்தார்.

போல்ட் சுழன்றது! "விட்டதடா!" என்று அவர் எழுப்பிய வெற்றி முழக்கத்தில் எதிர்வீட்டு மாடியின் துணிக்கொடிக் காகங்கள் பறந்தன. ஆனால் அந்தோ! சுழன்றது போல்ட் மட்டுமன்று. போல்ட்டோடு புல்லியும், புல்லியோடு எஞ்சினின் குடலும் சேர்ந்தன்றோ சுழன்றன! பல்லைப் பிடித்து இழுக்கத் தலையையும் கூடவே திருப்பும் நோயாளிபோல், எத்திசை இழுத்தாலும் அத்திசைக்கே இசைந்து வந்து, ஒரு மயிரிழையும் தளராமல் ஏய்த்தது அந்தப் பாவி. எஞ்சின் அசையாதிருக்க வழி ஒன்றே. காரை ஐந்தாம் கியரில் போட்டுவிட்டு, ஒருவர் உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதித்தபடியே இருக்க வேண்டும்.

அந்த ஒருவர் யார்? வீட்டில் இருந்ததே இன்னொருவர்தான். சிரித்தவள்.

இரும்போடு பொருதது எளிது. சிரித்தவளிடம் போய் உதவி கேட்பதன்றோ பெரும்போர்! முற்றத்துக்கும் கூடத்துக்கும் இடையே நம் வீரர் பலமுறை படையெடுத்து, பலமுறை புறமுதுகிட்டார். ஒருமுறை தண்ணீர் குடிக்க வந்தவர்போல் நடித்தார். இன்னொருமுறை ஏற்கெனவே குடித்தது மறந்து மறுபடியும் குடித்தார். கடைசியில் சோபாவில் சாய்ந்திருந்தவளின் முன் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் வந்து பிரேக்க மிதிக்கிறியா?" என்றார்.

அவள் நிதானமாக நிமிர்ந்தாள். "மெக்கானிக் கை படக் கூடாதுன்னீங்க. பொண்டாட்டி கால் படலாமா?"

"படலாம்" என்றார் வீரர், மிகச் சன்னமாக.

வந்தாள் அவள், இருகால் படையோடு. ஏறினாள் ஓட்டுநர் அரியணை. மிதித்தாள் பிரேக்கை, ஒரு வாரமாகத் தன்னோடு முகங்கொடுத்துப் பேசாத கணவனையே மிதிப்பதுபோல். இங்கே டாக்டர் இருகால்களையும் தரையில் ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க, கண்கள் பிதுங்க, குலதெய்வத்தையும் கல்லூரிப் பேராசிரியரையும் ஒருங்கே நினைந்து, இழுத்தார், இழுத்தார், குழாய் வளையுமோ கார் சாயுமோ முதுகெலும்பு முறியுமோ என்று கண்டோர் அஞ்சும்படி இழுத்தார். "டொக்" என்றொரு சத்தம். மறுகணம் நம் வீரர் மல்லாந்து, கார் கழுவும் வாளிக்குள் உட்கார்ந்திருந்தார்.

"வந்துடுச்சா?" என்று கேட்டாள் அவள் உள்ளிருந்தபடியே.

"வந்துடுச்சு!"

"போல்ட்டா, பல்லா?"

அவர் நாவால் ஒருமுறை வாய்க்குள் துழாவிப் பார்த்துவிட்டு, போல்ட்தான் என்று உறுதி கூறினார். பின்னர் மூன்று கால் இழுவைக்குறட்டைப் புல்லியின் விளிம்பில் மாட்டி, பக்குவமாய்த் திருகி, கடைவாய்ப் பல்லைக் களைவதுபோல் அதைக் களைந்தெடுத்தார். வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சொத்தை" என்று தீர்ப்பளித்தார்.

ஆனால் விதி சும்மா விடுமோ! புல்லி வழுக்காதிருக்கத் தண்டின் பள்ளத்தில் அமரும், விரல்நகமளவே ஆன இரும்புச் சாவித்துண்டைக் காணவில்லை. அதில்லாமல் புதிய புல்லி ஏறாது, கார் ஓடாது, வஞ்சினம் நிறைவேறாது. காரடி தேடினார், வாளிக்குள் தேடினார், புல்லை இழை இழையாய்ப் பிரித்துத் தேடினார். மாலை நெருங்கிக்கொண்டிருந்தது. "போச்சு, எல்லாம் போச்சு. மெக்கானிக்கையே கூப்பிடு" என்று வாளியைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்தார் நம் டாக்டர்.

அவள் குனிந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அசையாதீங்க. வாயத் திறக்காதீங்க."

ஊராரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லியே வாழ்ந்தவர், அன்று வாயை மூடிக்கொண்டார். கிரீஸ் அப்பிய அவர் மீசையிலிருந்து அந்தத் துண்டை அவள் இரு விரலால் பிடுங்கியெடுத்தாள். இம்முறையும் சிரித்தாள்தான், ஆனால் இம்முறை அவரும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

அப்புறம் என்ன, புல்லி ஏறியது, அவள் மறுபடி மிதிக்கப் போல்ட் இறுகியது, பெல்ட்டும் சக்கரமும் பூட்டப்பட்டன. சாவி திருக, எஞ்சின் முனகாமல் எழுந்தது. கீச்சொலி மாண்டது! மாலையில், நகக்கண் தவிர எல்லாம் வெளுத்த கைகளோடு, நம் வீரர் சகலையின் தெருவுக்குள் நுழைந்தபோது, தெருமுனையில் படுத்திருந்த நாய் காதைக்கூட அசைக்கவில்லை. டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது. வாசலில் நிறுத்தி, வியந்து ஓடிவரப்போகும் கூட்டத்துக்காக நெஞ்சு நிமிர்த்திக் காத்திருந்தார்.

யாரும் வரவில்லை. கேட்டால்தானே வருவதற்கு!

"ஹாரன் அடிங்க" என்றாள் மனைவி.

"அடிச்சா வஞ்சினம் என்னாகுறது?"

கடைசியில் காலிங் பெல்லை அழுத்த வேண்டியதாயிற்று. நெடுநேரம் கழித்து, கன்னத்தில் தலையணைத் தழும்போடு சகலை கதவைத் திறந்தார். "அடடே, வாங்க சகல! பஸ்லயா வந்தீங்க?" நம் வீரர் ஒதுங்கி நின்று, காரைக் கையால் காட்டினார். சகலை எட்டிப் பார்த்தார். "ஓ, சத்தம் போயிடுச்சா! மெக்கானிக் கெட்டிக்காரன்தான்."

"மெக்கானிக் இல்ல, இவரேதான் பண்ணாரு. நான்தான் பிரேக் மிதிச்சேன்" என்றாள் அவள், தெருவுக்கே கேட்கும்படி. அண்டமெலாம் அதிர, திசையெட்டும் அறிய உரைக்கவென்று ஒரு வாரமாய்ச் செதுக்கி வைத்திருந்த வெற்றிப் பேருரை நம் வீரர் தொண்டைவரை பொங்கியெழுந்தது. அவர் கனைத்தார். வலக்கரத்தை வானோக்கி உயர்த்தினார். அப்போது உள்ளேயிருந்து, டீ போடப் பால் இல்லையென்று அக்காவின் குரல் வந்தது.

டாக்டர் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பால் வாங்கி வந்தார்.