கோமுகி கண்ட கோட்டை அண்ணை

வாசகரே, இன்று நான் உங்களுக்கு அறிமுகம் செய்யப்போவது பழங்கல் பைத்தியம் என்னும் உயிரினம். இதைத் தேத்தண்ணிக்கு அழைத்துப் பாருங்கள். வந்ததும் கதிரையில் உட்காராது. சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "இது வெறும் ஜிப்சம்" என்று உங்கள் புது வீட்டைப் பெருமூச்சோடு மன்னித்த பிறகுதான் பலகாரத்தில் கை வைக்கும்.

எங்கள் விஜயரத்தினம் அண்ணை அதில் நல்ல முற்றிய ரகம். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகருக்குப் பக்கத்தில் அகழி சூழ்ந்த பழைய கோட்டைவீடு ஒன்று இருக்கிறது. அதைப் பேணும் சங்கத்தில் அவர் உறுப்பினர். "தொடாதேங்கோ, உங்கடை கை ஈரம் அறுநூறு வருசக் கல்லுக்குக் கூடாது" என்பார். அப்போது அவருடைய உள்ளங்கை அதே கல்லைத் தடவிக்கொண்டிருக்கும். தெரியாது என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. அகழியில் முதலை இருந்ததா என்று ஒருமுறை கேட்டேன்.

"இருந்தது. குளிருக்கு உள்ளுக்கை எடுத்து வைச்சிருப்பினம்."

தமிழில் சுற்றிக்காட்டும் வழிகாட்டி என்று கழுத்தில் மாட்டும் அட்டைக்காக அவர் ஆறு வருடம் காத்திருந்தார். போன ஞாயிறு சங்கத்தின் வரலாற்று நிபுணர் பிரிங்க்மான் அம்மையார், அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சுற்றிப்பார்க்கப் போன எங்கள் பதினான்கு பேரோடும் சேர்ந்து அண்ணையைச் சோதிக்க வந்தார். மொழிபெயர்க்க அண்ணையின் மகள் வேணுஜா.

"அப்பா, தெரியாட்டில் தெரியாதெண்டு சொல்லுங்கோ" என்று அவள் வாசலிலேயே கெஞ்சினாள்.

மேல்மாடியில், தெற்குச் சுவரிலிருந்து அகழிப் பக்கம் துருத்திக்கொண்டு ஒரு சின்ன மாடம். உள்ளே கல் இருக்கை. இருக்கையின் நடுவில் வட்டமான ஓட்டை. அண்ணை மனப்பாடம் செய்த தாளில் இது இல்லை. பார்த்து, எங்களோடு வந்த மகாதேவி அக்கா அதையே கேட்டார்.

"இது என்னண்ணை?"

"வீட்டம்மாவின்ரை சாமியறை. இந்தத் துவாரம் எங்கடை கோயில் கோமுகி மாதிரி. அபிசேகத் தண்ணி அகழிக்குப் போறதுக்கு."

மகாதேவி அக்கா சப்பாத்தைக் கழற்றினார். பிறகு யார்தான் கழற்றாமல் நிற்பது? எல்லோரும் வெறுங்காலோடு கும்பிட்டோம். நானும்தான்.

ஏன் சப்பாத்தைக் கழற்றுகிறார்கள் என்று பிரிங்க்மான் அம்மையார் கேட்க, வேணுஜா தயங்கித் தயங்கி விளக்கினாள். அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார்.

"அப்பா, அது கக்கூசாம்."

மகாதேவி அக்கா கூப்பிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அப்போதுகூடத் தப்பியிருக்கலாம். ஊகித்துத்தான் சொன்னீர்களா என்று அம்மையார் அன்பாகவே கேட்டார். 'ஓம், ஊகம்தான்' என்று ஒரு சொல் போதும், அட்டை கழுத்தில் விழுந்திருக்கும். அண்ணை மகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அந்த ஓட்டையையும் பார்த்தார்.

"கக்கூஸ் பிறகு வந்தது. முதல்லை சாமியறைதான்."

கைப்பை திறக்கவே இல்லை. கோட்டை விடுவது என்று நாம் சும்மா சொல்கிறோம்; கோட்டைக்குள்ளேயே நின்று அதைச் செய்து காட்டியவர் இவர் ஒருவர்தான். எனக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால், 'கோமுகி வடக்குப் பக்கம் அல்லவா இருக்க வேண்டும், இந்த ஆளுக்கு அதுவும் தெரியவில்லையே' என்று சற்றுமுன் உங்கள் நாக்கு துருதுருத்ததா, இல்லையா? அப்படியானால் அடுத்த ஞாயிறு அவசியம் வாருங்கள். அந்த அட்டையில் இன்னும் யார் பெயரும் எழுதவில்லை.