அன்னாசி மாத்திரையும் போஸ்ட்மாஸ்டர் தாடையும்

அன்புள்ள மச்சானுக்கு, உன் அக்காள் கணவன் எழுதுவது. இங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகம், நானும் சுகம், கடைதான் சுகமில்லை. அங்கே உன் உடம்புக்கும் உன் மருந்து வியாபாரத்துக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

என் முழங்கால் வீக்கத்துக்கென்று நீ அனுப்பிய மாத்திரை டப்பா போன மாதம் கிடைத்தது. அன்னாசித் தண்டிலிருந்து எடுத்த புரோமிலைன் என்ற என்சைம், வீக்கத்தை வற்றவைக்கும், முழுக்க இயற்கையானது என்று நீ எழுதிய சீட்டைச் சலூன் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன். நான் போட்டிருந்தது இரண்டே மாத்திரை. முழங்கால் பூசணிக்காயாகவேதான் இருந்தது. அதற்குள் வந்தவர் போனவருக்கெல்லாம் அதன் மகிமையை அளந்துவிட்டேன். பல் பிடுங்கிக் கன்னம் வீங்கியிருந்த ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், "எனக்கும் நாலு குடுப்பா" என்றார். நாலென்ன, பத்தாகக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். தாடை மருவில் கத்தி லேசாகப் பட்டது. முப்பது வருஷத்தில் படாததா? படிகாரம் தேய்த்தேன், ரத்தம் நிற்கவில்லை. பஞ்சு வைத்தேன், பிறகு துண்டு, பிறகு இன்னொரு துண்டு. அவர் பேப்பரைக் கீழே வைக்காமல், "என்னப்பா, இன்னைக்கு ரொம்ப நேரமாகுதே?" என்று மட்டும் கேட்டார். முடிவெட்ட வந்த ஒருவர் கதவைத் திறந்து, இரண்டு சிவப்புத் துண்டுகளைப் பார்த்து, "அப்புறமா வர்றேன்" என்று போனார். இன்னும் வரவில்லை.

ஓடிப்போய்ப் பக்கத்து மருந்துக்கடை அம்மாவை அழைத்து வந்தேன். கண்ணாடியில் இருந்த சீட்டைப் படித்து, நான் மாத்திரை கொடுத்ததைத் தெரிந்துகொண்டார்.

"சார், வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"இதயத்துக்கு ஒண்ணு. ரத்தம் உறையாம இருக்கறதுக்கு."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "அதோட இதையும் சேத்தா ரத்தக்கசிவு கூடலாம். டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது. யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"இயற்கையானதும்மா."

"ஊமத்தங்காயும் இயற்கைதாண்ணே."

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கட்டுப்போட்டு, அன்னாசியை நிறுத்தச் சொல்லி, இதய மாத்திரையைத் தொடரச் சொல்லி, மறுநாள் அனுப்பிவிட்டார். அந்த ஒரு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் செய்தி நிற்கவில்லை. என் கடைவாசலில் தாடை வெட்டாக இருந்தது காய்கறிக்கடையில் கழுத்து வெட்டாகி, பஸ் ஸ்டாப்பில் ஆளே போய்விட்டார். போனவர் தினமும் காலையில் பால் வாங்க நடந்து போவதை யாரும் பொருட்படுத்தவில்லை. இரண்டு வாரம் ஒரு தலைகூட வரவில்லை. வாடிக்கையாளர் நாற்காலியில் நானே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என் தம்பி உங்களுக்குத்தானே அனுப்பினான், ஊருக்கே குடுக்கச் சொன்னானா?" என்று கேட்டாள் உன் அக்கா. நியாயம்தான். குற்றம் என் வாயுடையது.

மருந்தைக் குறை சொல்ல மாட்டேன். என்னைச் சோதித்த டாக்டர் எனக்குத் தடையில்லை என்றார். விடாமல் போட்டேன்; இரண்டே வாரத்தில் முழங்கால் வற்றிப் பழைய அளவுக்கு வந்துவிட்டது. என்ன வேகம்! ஆகவே இன்னும் இரண்டு டப்பா அனுப்பு. யார் கண்ணிலும் காட்ட மாட்டேன்.

நீயும் உன் வீட்டாரும் மாத்திரைக்கு வேலை வைக்காமல் வாழ வாழ்த்தும்,
உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் போஸ்ட்மாஸ்டர் வந்தார். "நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பு, எல்லாரும் பாக்கட்டும்" என்று முழுச் சவரம் செய்துகொண்டார். சாயங்காலத்துக்குள் பதினெட்டுத் தலை. ஒன்பது மணி நேரம் நின்றேன். காலையில் தவறாமல் மாத்திரை போட்டும் முழங்கால் மறுபடி பூசணிக்காய். வீக்கத்தை வற்றவைத்தது அன்னாசி இல்லை, ஆள் வராததுதான் என்கிறாள் உன் அக்கா. டப்பா வேண்டாம். சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்று கிடைத்தால் அனுப்பு.