என் ஜன்னல் ஒரு பிற்காலச் சேர்க்கை

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் வார இதழைப் பல வருடங்களாகப் பின்னட்டையில் தொடங்கி முன்னட்டை வரை படித்துவரும் வாசகன் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். நான் நலமாக இல்லை. அதற்குத் தாங்கள்தான் காரணம் என்று சொல்ல மரியாதை இடம் கொடுக்கவில்லை. ஆகவே, தங்கள் இதழில் இடைக்காலக் கோயில் தொகுதி ஒன்றைப் பற்றித் தொடர் எழுதிவரும் பேராசிரியர்தான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

நான் பல் செட் செய்கிறவன். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், நான் வீட்டில் மேஜை போட்டுச் செய்து கொடுப்பேன். பல்லின் வெள்ளை ஒரே வெள்ளை அல்ல. மஞ்சள் ஓடியது, சாம்பல் பூத்தது, டீ குடித்தே பழுத்தது என்று ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வெள்ளை உண்டு. செய்த பல் பக்கத்துப் பல்லோடு சேருமா சேராதா என்பது பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். டியூப் லைட்டை நம்பி ஒரு தலைமையாசிரியருக்கு முன்பல் ஒன்று செய்து கொடுத்தேன். அவர் வாயைத் திறந்தால் அந்தப் பல் மட்டும் தனியாகப் பாடம் நடத்தியது. அதற்குப் பிறகுதான் மேஜையை ஜன்னலோரம் நகர்த்தினேன். என் பிழைப்பே அந்த ஜன்னல்தான். அதை வருகிற சனிக்கிழமை செங்கல் வைத்து அடைக்கப் போகிறார்கள்.

அடைக்கப் போகிறவர் வீட்டுச் சொந்தக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஓய்வு பெற்று, பொழுது போகாமல் தவித்தவருக்குத் தங்கள் தொடர் கிடைத்தது, எனக்கு அவர் கிடைத்தார். அவருக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் என்றால் நடுக்கம், அதனால் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறார். ஆகவே வெள்ளிக்கிழமை இதழ் வந்ததும் என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். நான் உரக்க வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார், மறுநாள் காலையில் கொத்தனார் வந்து நிற்பார். கருவறை வாசல் தாழ்வாக இருக்கும், உள்ளே போகிறவர் குனிந்துதான் போக வேண்டும் என்று பேராசிரியர் எழுதினாரா, அடுத்த நாளே என் போர்ஷன் நிலைப்படிக்குக் கீழே ஒரு உத்தரம் வந்து உட்கார்ந்தது. "எப்படி இருக்கு தம்பி?" என்றார். நெற்றியைத் தடவிக்கொண்டே "ரொம்பப் பொருத்தம் சார்" என்றேன். டாக்டர் வீட்டுக் கம்பவுண்டர் அளவு அச்சுகளோடு வந்து அதில் மோதி, தட்டைக் கீழே போட்டு, யாருடைய மேல்தாடை யாருடைய கீழ்த்தாடை என்று தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஜோடி சேர்த்தது தனிக் கதை. அடுத்து அடித்தளத்தின் அடுக்குகள் வந்தன: ஜகதியாம், அதன் மேல் உருண்டையாகக் குமுதமாம், அதற்கும் மேலே பட்டிகையாம். எங்கள் வராந்தாவுக்கு மூன்றும் வந்தன, ஸ்கூட்டர் ஏற்றுகிற சரிவு போயே போய்விட்டது. "அழகா இருக்கு சார்" என்றேன்.

அப்புறம் வரலாறு. முற்காலத்து அரசர்கள் கருவறைக்கு மேலே விமானத்தை வானளாவ உயர்த்தினார்கள், பின்னால் வந்தவர்கள் கருவறையை அப்படியே விட்டுவிட்டு வாசல் கோபுரத்தை உயர்த்தினார்கள் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். எங்கள் சமையலறைக் கூரை ஒழுகுகிறது. அந்தக் கூரையை விட்டுவிட்டு வாசல் கேட் தூண்களை மாடி உயரத்துக்கு ஏற்றினார். ஒழுகலைப் பற்றி என் மனைவி கேட்டதற்கு, "உள்ள இருக்கறதைத் தொடக் கூடாதும்மா, ராஜாக்களே தொடலை" என்று சொல்லிவிட்டார். இப்போது எங்கள் காம்பவுண்டே ஒரு கோயில் தொகுதி. தாத்தா கட்டியது முற்காலம், அப்பா கட்டிய என் போர்ஷன் இடைக்காலம், அவர் கட்டிய பாத்ரூம் பிற்காலம்.

விபரீதம் போன வாரம்தான் வந்தது. ஒரு மண்டபத்தைக் காட்டி, "இது பிற்காலச் சேர்க்கை, இதை நீக்கினால் மூலக் கட்டடத்தின் அழகு துலங்கும்" என்று பேராசிரியர் எழுதியிருந்தார். அந்த வரியை நானேதான், நிறுத்தி, அழுத்தி, நல்ல உச்சரிப்போடு வாசித்தேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"உங்க ஜன்னல் எங்கப்பா வெச்சது இல்ல தம்பி. என் தம்பி சுவரை உடைச்சு வெச்சது. பிற்காலச் சேர்க்கை. அதை எடுத்துட்டு, கோயில் சுவர்ல இருக்குமே கோட்டம்னு, அந்த மாதிரி ஒரு மாடம் பண்ணி அப்பா சிலையை வெச்சுடலாம். சிலை அடுத்த சனிக்கிழமைதான் வரும், அன்னைக்கே அடைச்சுடலாம். என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வேன்? குடியிருப்பதே அவர் வீட்டில். யோசித்துப் பார்த்தால் நானும் ஒரு பிற்காலச் சேர்க்கைதான். "அப்பாவுக்கு நல்ல மரியாதை சார்" என்று சொல்லிவிட்டு வந்து, இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன். இந்த வயதில் மேஜையைத் தூக்கிக்கொண்டு வேறு வெளிச்சம் தேடிப் போக எனக்குத் தெம்பில்லை ஐயா.

ஆகையால் தாங்கள் பெரிய மனது பண்ணி, இந்த வெள்ளிக்கிழமை இதழிலேயே, பிற்காலச் சேர்க்கையும் வரலாறுதான், கை வைக்காதீர்கள் என்று பேராசிரியரை ஒரே ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும். அது முடியாது என்றால் தொடரை நிறுத்திவிட்டுக் கோலி விளையாட்டைப் பற்றியாவது எழுதச் சொல்லுங்கள், அதில் இடிக்க ஒன்றுமில்லை.

தங்கள் இதழ் மேலும் மேலும் விற்க வேண்டும், பேராசிரியரின் பேனா சற்று ஓய்வெடுக்க வேண்டும், தங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் சொந்தப் பல்லே கடைசிவரை நிலைக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

தங்கள் வாசகன்,
பல் செட் செய்கிறவன்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்கு முன்பு என் மனைவி வாங்கிப் படித்தாள். "என்னங்க, வாசிக்கறது நீங்கதானே? ஆசிரியரை எதுக்குக் கெஞ்சணும்? நீங்களே ஒரு வரி சேர்த்து வாசிச்சா அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள். இன்று வெள்ளிக்கிழமை. பேராசிரியர் தூண்களைப் பற்றி எழுதியிருந்தார். நடுவில் நான், "பல் கட்டும் தொழிலாளர் குடியிருக்கும் இடத்தில் ஜன்னலை அடைக்கலாகாது என மன்னன் ஆணையிட்டதாக ஒரு கல்வெட்டு கூறுகிறது" என்று அதே குரலில் சேர்த்து வாசித்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"ஏன் தம்பி, அந்த ராஜாவுக்கும் பல் செட்டா?"

நான் இதழை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்து முடித்துவிட்டு, "ஜன்னல் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இத்தனை வாரமா எதைக் கேட்டாலும் பொருத்தம், அழகுன்னுதானே சொன்னீங்க? உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னுதான் நான் பாட்டுக்குக் கட்டிக்கிட்டே போனேன்" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. கொத்தனாரை வர வேண்டாம் என்று அப்போதே சொல்லியனுப்பினார்.

ஆகவே தொடரை நிறுத்த வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து வெளியிடவும் வேண்டாம். நான் வாசிப்பதை இனி நம்ப முடியாது என்று அவர் கண் ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து தங்கள் இதழை அவரே படிப்பார்.