கட்சி இல்லாத வயர்

காலை ஒன்பதே காலுக்கு முத்துராணி பெட்டியின் மூடியைத் துடைத்து முடித்தாள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி. உள்ளே சிவப்பும் கறுப்புமாக வயர்கள் வகிடு எடுத்தது போலக் கிடந்தன.

முக்கூடல் ஆற்றங்கரையில் விவசாயிகள் சங்கத்தின் பம்ப் அறை. மோட்டாரைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டப் போகிறார்கள். கூரைப் பேனல்களிலிருந்து வரும் மின்சாரம் முதலில் இந்தப் பெட்டிக்குள்தான் சேரும். எண்ணூறு வோல்ட். வண்ணார்பேட்டைப் பட்டறையில் அவளே வயர் தேர்ந்தெடுத்து, அவளே பூட்டியது. மாலையில் இன்ஜினியர் வந்து சரி என்று சொன்னால் ஆற்றோரத்துச் சங்கங்கள் அத்தனைக்கும் பெட்டி அவளுடையது. இல்லாவிட்டால் கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் போய்விடும்.

பெட்டியைச் செயலாளர் காட்டுகிற இடத்தில் மாட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பம்ப் அறைக் காவல்காரி இசக்கியம்மா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் ஒருவர் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் பேனா. வேறு யாரும் இல்லை.

"அண்ணாச்சி, எங்கன மாட்டணும்?"

"அந்தச் செவத்துல மாட்டு. நெழலாக் கெடக்கும்."

மாட்டினாள். அவர் எழுந்து வந்து மூடிக்குள் பார்த்தார். முகம் மாறியது.

"இதென்ன தாயி, கறுப்பு செவப்பு?"

"செவப்பு பிளஸ்சு, கறுப்பு மைனஸ்சு. ஒலகம் பூரா அப்படித்தான் அண்ணாச்சி."

"ஒலகத்துக்கு அடுத்த வாரம் எலெக்‌ஷன் இல்ல. இந்தச் சங்கத்துக்கு இருக்கு. கட்சிக் கொடியக் கண்ணாடி போட்டு மாட்டிட்டு, மத்தவன் வாயில மண்ணள்ளிப் போடச் சொல்லுதியா?"

முத்துராணி யோசித்தாள். பையில் துண்டு வெள்ளை வயர் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அதை ஓடவிட்டாள்.

"இப்ப?"

"இப்ப அடுத்த கட்சி."

"செவப்பு மட்டும் போட்டா?"

"அதுக்கும் ஆளு இருக்கான். ஊருக்கே ரெண்டு பேருதான். ஆனா சத்தம் கூட."

"மூடி மேல பேப்பர் ஒட்டிருதேன்."

"என்னத்த மறைக்கேன்னு கேப்பான்." அவர் கடைத்தெருப் பக்கம் கையை நீட்டினார். "அங்கன கலர் கலராத் தொங்குதே, அதுல ரெண்டு சுருள் வாங்கேன்."

"அது வீட்டு வயர். எண்ணூறு வோல்ட் டிசிய அது தாங்காது. சூட்டுல தோலு வெந்து வெடிச்சிரும். ஆயிரத்தைந்நூறு வோல்ட் வயருதான் இதுக்கு ஆகும்."

"ஒரு வாரம் தாங்குமா?"

"எதுக்கு ஒரு வாரம்?"

"எலெக்‌ஷன் முடிஞ்சிரும்லா."

முத்துராணி பட்டறைக்கு போன் போட்டாள். கூட்டாளி ரசீத் எடுத்தார்.

"அண்ணே, ஆயிரத்தைந்நூறு வோல்ட்டுல வேற என்ன கலர் இருக்கு?"

"எந்தக் கலர் வேணும்?"

"கட்சி இல்லாத கலர்."

"வெயில்ல நிக்கியாம்மா?"

"நிக்கல. சொல்லுங்க."

"நீலம் இருக்கு."

"நீலமாம்" என்று அவள் திரும்பிச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். "நீலத்துக்கு மேலத்தெருவுல கொடிக்கம்பமே இருக்கு."

"மஞ்சள் இருக்காம் அண்ணாச்சி."

"அது இப்பப் புதுசா வந்திருக்கு. எளவட்டம் பூரா அங்கனதான் நிக்கான்."

"பச்சை?"

"பேச்சையே எடுக்காத."

"வெள்ளை?"

அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"வெள்ளைய எல்லாக் கட்சிக்காரனும் போடுதான். போடு."

வெள்ளைச் சுருள் மதிய பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்தது. முத்துராணி காலையில் பூட்டியதையெல்லாம் உருவினாள். பேனல் இணைப்பு இன்னும் கொடுக்காதது நல்லதாயிற்று. சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட நேரமில்லை. மூன்று மணிக்குப் பெட்டி முழுக்க வெள்ளை. எது எங்கே போகிறதென்று அவளுக்கே குழம்பியது. சின்னக் காகிதங்களில் கூட்டல், கழித்தல் குறி போட்டு ஒட்டினாள்.

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இதுல கூட்டல் எந்த வாய்க்காலுக்கு?"

"எந்த வாய்க்காலுக்கும் இல்ல. இது கரண்டுக்கு."

"கெழக்கு வாய்க்கால்காரனுக்குத் தண்ணியக் கழிச்சிட்டாவன்னு ஏற்கெனவே கேஸ் நடக்கு தாயி. நீ எழுதியே ஒட்டுதியே."

காகிதங்களைப் பிய்த்தாள். ஒன்று, இரண்டு என்று எழுதினாள்.

"யாரு ஒண்ணு? யாரு ரெண்டு?"

அதையும் பிய்த்தாள். எதையும் ஒட்டவில்லை. ஆற்றுப் பக்கம் பிளஸ், ரோட்டுப் பக்கம் மைனஸ் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவருக்கு முகம் மலர்ந்தது. "இப்பத்தான் பெட்டி பொதுவா இருக்கு. எவனும் வாயத் தொறக்க முடியாது."

நாலு மணிக்கு இன்ஜினியர் பியூலா ஜீப்பில் வந்தார். மூடியைத் திறந்தார். வயரில் அச்சடித்திருந்ததைப் படித்தார். ஒவ்வொரு முனையையும் இழுத்துப் பார்த்தார்.

"வயர் சரியான வயர். பூட்டினதும் சுத்தம். பிளஸ் எது?"

"ஆத்துப் பக்கம் மேடம்."

"பெட்டியக் கழத்தி எதிர்ச் செவத்துல மாட்டினா?"

முத்துராணி எதிர்ச்சுவரைப் பார்த்தாள். பெட்டி திரும்பினாலும் ஆறு கூடவே திரும்பாது.

"ஒரு வயர் மாறினாப் போதும், உள்ள இருக்கது பூராப் புகைஞ்சிரும். இத எப்படி நான் பாஸ் பண்ண?"

"மேடம், காலையில செவப்பும் கறுப்புமாத்தான் கொண்டாந்தேன். செயலாளர்தான் ஒவ்வொண்ணா மாத்தச் சொன்னாவ."

பியூலா பேனாவை மூடினார். "சங்கமே மாத்தச் சொன்னதா?"

"ஆமா மேடம். காலையிலேருந்து பக்கத்துலயே இருந்தாவ."

"அப்ப உங்க மேல தப்பு இல்ல. செயலாளர் வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும். பழையபடி மாத்திக் குடுங்க. மிச்சப் பெட்டியும் உங்களுக்கே எழுதிருதேன்."

முத்துராணிக்கு மூச்சு வந்தது. வாசலுக்கு ஓடினாள். நாற்காலி காலியாக இருந்தது. இசக்கியம்மா அதைத் துடைத்து மடக்கிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, செயலாளர எங்க? மேடம் கூப்பிடுதாவ."

"செயலாளர் அக்கா ஆழ்வார்திருநகரிக்குக் கல்யாணத்துக்குப் போயி ரெண்டு நாளாச்சே. இங்கன இருந்தவுகளா? அவுக ஒன் மொதலாளின்னு நெனச்சுல்லா தாயி காலையிலேருந்து நான் டீ போட்டுப் போட்டுக் குடுத்தேன்?"