ஏணியைத் திருப்பி அனுப்பு

அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன், இந்த வட்டாரத்திலேயே கை நடுங்காத ஒரே பெயிண்டர், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுவது. நான் நலம். என் நலத்தைப் பற்றி நீ கவலைப்படுவதை நிறுத்தினால் இன்னும் நலம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தாய், சாப்பிட்டாய், போகும்போது என் ஏணியை வேன் மேல் கட்டிக்கொண்டு போய்விட்டாய். "கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்து வாங்கிக்கோங்க மாமா" என்று ஒரு பேச்சு வேறு. ஏணி இல்லாத பெயிண்டர் பாதிச் சுவருக்குத்தான் பெயிண்டர். மரியாதையாகத் திருப்பி அனுப்பு.

மருந்துக் கடையில் நிற்பதால் உனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. நான் சாப்பிடுவது செடி மருந்து. திராட்சை விதை, ஏதோ ஒரு மரப்பட்டை, ஒரு நீலப் பழம், எல்லாம் சேர்த்து அடைத்த கேப்ஸ்யூல். டை கட்டிய தம்பி ஒருவர் வீட்டுக்கே வந்து படம் காட்டி விளக்கினார். உடம்பில் முடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் இருக்கின்றனவாம், கண்ணுக்குள்ளேயும் ஓடுகின்றனவாம், அதையெல்லாம் இது கெட்டிப்படுத்துமாம். பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, மீதியை நான்தான் அவருக்கு விளக்கினேன். "ஐயா, நீங்க எங்க கம்பெனிக்கே பாடம் எடுக்கலாம்" என்று அசந்துபோனார். சுவரைப் பிளக்கிற வெடிப்பே மயிரிழையில்தானே ஆரம்பிக்கிறது? இதை உன்னிடம் சொன்னால் நீ என்ன சொன்னாய்? "வெடிப்பைப் பட்டி வெச்சு அடைக்காம பெயிண்ட் அடிப்பீங்களா மாமா? சக்கரை இருக்கறவங்க நீங்க. உள்ள எங்க வெடிச்சிருக்குன்னு பாக்காம மேல மாத்திரையைப் பூசிக்கிட்டிருக்கீங்க." என் தொழிலை எடுத்து என் தலையிலேயே போடுகிறாய். உன் அத்தை அடுப்படியில் நின்றுகொண்டு சிரிக்கிறாள்.

இரு, ஒரு கொசு தாள் மேலேயே சுற்றுகிறது.

பல் டாக்டர் வீட்டு கேட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டு கேட்டுக்கு அடித்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாயாமே. கண் தெரியாமலா அடித்தேன்? அந்த கேட் துருப்பிடித்து அழுதுகொண்டிருந்தது, மனசு கேட்கவில்லை. அந்த வீட்டு அம்மா வெளியே வந்து, "யாரைக் கேட்டு அடிச்சீங்க?" என்றார். "அழகா இருக்கறதுக்கு யாரைக் கேக்கணும்?" என்றேன். இப்போது தெருவே அந்தப் பச்சைதான் வேண்டும் என்று வரிசையில் நிற்கிறது. அப்புறம் ஏணியிலிருந்து விழுந்தேன் என்கிறாய். விழவில்லையம்மா, குதித்தேன். கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்தேன், அது முடியவில்லை, அவ்வளவுதான். பெயிண்ட் வாளிக்குள் இரண்டு காலும் சேர்ந்தாற்போல் இறங்குவதற்கு எத்தனை பேரால் முடியும்?

மறுபடி அந்தக் கொசு. ஓங்கி ஒரு அறை கொடுத்தேன், மேஜைதான் ஆடியது, அது தப்பிவிட்டது. கவனித்தாயா, இந்த மங்கின வெளிச்சத்தில் ஒரு பொட்டுக் கொசுவை இந்த மாமன் கண் பிடிக்கிறது. இந்தக் கண்ணையா டாக்டரிடம் காட்டச் சொல்கிறாய்? அவர் வேண்டுமானால் வந்து என்னிடம் காட்டட்டும். முடியாது, வரமாட்டேன், ஏணி வந்தாக வேண்டும்.

உன் கடைக்கும், உன் வேனுக்கும், உன் நீளமான நாக்குக்கும் என் ஆசிகள்.

ஏணியை எதிர்பார்க்கும்,
உன் மாமன்

பி.கு.: தாளை மடிக்கும்போது கொசு மறுபடியும் வந்தது. அத்தையைக் கூப்பிட்டு, "அதை அடிச்சுத் தொலை" என்றேன். "எங்கங்க கொசு?" என்றாள். நான் காட்டிய இடத்திலெல்லாம் துண்டால் விசிறினாள். வலது கண்ணை மூடினேன், கொசு போய்விட்டது. திறந்தேன், வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டும் பார்த்தேன், அது போகவில்லை. அத்தை இப்போது சிரிக்கவில்லை. தபாலை நம்பாமல் பால்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஏணி அங்கேயே இருக்கட்டும். நீ உடனே வேனை எடுத்துக்கொண்டு வா. அந்த கேப்ஸ்யூல் டப்பாவையும் கையோடு எடுத்து வருகிறேன். டாக்டருக்கும் யாராவது விளக்கிச் சொல்ல வேண்டுமே.