மாமனாருக்கு ஒரு 'வாஸ்'

'மை ஃபாதர்-இன்-லா' வரைக்கும் தட்டிவிட்டார் ஸ்டோர்கீப்பர். அதற்கு மேல் விரல் நகர மறுத்தது.

விடிந்ததும் விடியாததுமாக, சொல்லாமல் கொள்ளாமல் மாமனார் வந்து இறங்கியிருந்தார். லீவு கேட்க வேண்டும். புது மேனேஜரோ, ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் யார் எதை எழுதினாலும் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்.

"அப்பா ரொம்ப நல்லவர், தனியா விட்டுட்டு வர முடியாதுன்னு எழுதுங்க," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

"இஸ்ஸா, வாஸா?"

"எங்கப்பாவுக்குப் போய் இஸ்ஸா? பூனைக்கும் இஸ், நாற்காலிக்கும் இஸ். கொஞ்சம் மரியாதையா எழுதுங்க."

அவருக்கும் அது நியாயமாகவே பட்டது. 'மை ஃபாதர்-இன்-லா வாஸ் எ வெரி குட் மேன். லீவ் ப்ளீஸ்' என்று அனுப்பினார்.

மேனேஜரிடமிருந்து ஒற்றைச் சொல் வந்தது: 'வாஸ்?'

மரியாதை போதவில்லை போலிருக்கிறது. 'ஸாரி சார். ஹேட் பீன்' என்று திருத்தினார்.

உடனே கைகூப்பும் பொம்மைகள் திபுதிபுவென்று வந்து விழுந்தன.

"பாத்தியா, ஆபீஸே உங்கப்பாவைக் கும்பிடுது!"

போன் அடித்தது. டைப்பிஸ்ட் அம்மா.

"எப்படி சார், இப்படித் திடீர்னு?"

"அதான் எங்களுக்கும் புரியல. பஸ்ல ஏறினவர் தூங்கிட்டே வந்துட்டார்."

"ஐயோ, தூக்கத்துலயேவா! கஷ்டப்படலயே?"

"சேச்சே, அவருக்கென்ன! பெட்டிதான் பெருசு. வாசல்ல நுழையல. நாலு பேரா தூக்க வேண்டியதாப் போச்சு."

மறுமுனையில் விம்மல் கேட்டது. "வீட்டுக்காரம்மா எப்படித் தாங்கறாங்க?"

"அவளுக்குத் தலைகால் புரியல. காலைலேர்ந்து ஒரே பாட்டு."

"அதிர்ச்சியில அப்படித்தான் சார் ஆகும். அவர் ஆத்மா சாந்தியடையட்டும்."

போன் வைக்கப்பட்ட பிறகுதான் ஸ்டோர்கீப்பருக்கு விஷயம் உறைத்தது. 'இஸ்' ஒன்றுதான் இனிக் காப்பாற்றும். உள்ளறையை எட்டிப் பார்த்தார். மாமனார் மார்பின்மேல் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவசர அவசரமாக, வாழ்க்கையிலேயே முதன்முறையாகப் பிழையில்லாமல் எழுதினார்: 'ஹி இஸ் ரெஸ்டிங் பீஸ்ஃபுல்லி.'

'ரெஸ்ட் இன் பீஸ்' என்று ஆபீஸ் முழுக்க ஒரே குரலில் பதில் சொன்னது. மேனேஜர் ஒரு படி மேலே போய், 'வீ ஆர் கமிங்' என்று எழுதியிருந்தார்.

"அப்படின்னா?" என்றாள் மனைவி.

"கிளம்பிட்டாங்கன்னு அர்த்தம்."

கூப்பிட்டுத் தடுக்கலாம் என்றால் யாரும் போனை எடுக்கவில்லை. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள், மரியாதைக்காக அணைத்து வைத்துவிட்டார்கள்.

அழைப்பு மணி அடித்தபோது ஸ்டோர்கீப்பர் ஓடினார். ஆனால் தூங்கி எழுந்து தெம்பாக இருந்த மாமனார் முந்திக்கொண்டார். வாசலில் மேனேஜர், வண்டிச் சக்கரம் அளவு மலர்வளையத்தோடு நின்றிருந்தார். பின்னால் டைப்பிஸ்ட் அம்மா, கைக்குட்டையோடு.

"யாரைப் பாக்கணும்?" என்றார் மாமனார்.

"தவறிப்போனவரோட முகத்தைக் கடைசியா ஒரு தடவை..."

"யாரு தவறிட்டா?"

"ஸ்டோர்கீப்பரோட மாமனார்."

"அது நான்தானே?"

மலர்வளையம் மேனேஜரின் காலிலேயே விழுந்தது. டைப்பிஸ்ட் அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டோர்கீப்பர் நடந்ததையெல்லாம் உளறிக் கொட்டினார். மேனேஜர் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"இனிமே நீங்க தமிழ்லயே எழுதுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று கெஞ்சிவிட்டு, கேட்ட லீவையும் கொடுத்துவிட்டுப் போனார்.

ஸ்டோர்கீப்பருக்கு மாமனாரை நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை.

"மாமா, மன்னிச்சிடுங்க. ஒரே ஒரு வினைச்சொல்லால உங்களைப் போய்..."

மாமனார் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அட, விடுங்க மாப்பிள்ளை. எங்க ஆபீஸ்லயும் லேசுல லீவு கிடைக்காது. நேத்து சாயங்காலத்துலேர்ந்து அங்க நீங்களும் உயிரோட இல்ல."